செங்கல் அரங்கநாதனும் கூடை மாப்பிள்ளையும்

சங்கராபுரம் வட்டாரத்தில் யார் வீடு இடிந்தாலும் முதலில் சந்தோஷப்படுகிற ஆள் அரங்கநாதன். மனிதர் கெட்டவர் இல்லை. ரைஸ் மில்லில் மேஸ்திரி. அடுத்தவன் மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் எங்கேயோ ஒரு சுவர் விழுந்தது என்று காதில் விழுந்துவிட்டால் போதும், முகத்தில் ஒரு களை வந்துவிடும். கோணிப்பையைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பும்போது பைக்குள் ஒரு செங்கல் இருக்கும்.

செங்கல் சேர்ப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. சூளைக்காரர்கள் கல்லைச் சுடுவதற்கு முன்னால் அதன் முதுகில் தங்கள் முத்திரையைக் குத்துவார்கள். சிலர் பெயரின் முதலெழுத்து, சிலர் வேல், சிலர் சங்கு. அரங்கநாதனிடம் இல்லாத முத்திரை எங்கள் பக்கத்தில் எந்தச் சுவரில் இருந்தாலும் அந்தச் சுவர் விழும்வரை காத்திருப்பார். விழாவிட்டால் வருத்தப்படுவார். எண்பதுகளின் கடைசியில் பெய்த ஒரு பெருமழையில் எலவனாசூர்கோட்டையில் ராணியம்மாள் என்கிற விதவையின் சமையல்கட்டுச் சுவர் சரிந்தது. ஊர்ச்சனம் சோறும் பழைய தகரமும் கொண்டுபோய்க் கொடுத்தது. இவர் கோணியோடு போய் நின்றார். கூடப் போன பாவத்துக்கு நானும் நின்றேன்.

"அடியில கெடக்குதே அந்தக் கல்லு, அத எடுத்துக்கட்டுமாம்மா?" என்று இழவு விசாரிக்கிற குரலில் கேட்டார்.

அந்த அம்மாள் ஒரு கணம் பார்த்தாள். கேட்ட கல்லையே தூக்கி எங்கள் மேல் எறிந்தாள். நான் ஓடிவிட்டேன். அரங்கநாதன் ஓடவில்லை. காலடியில் விழுந்த கல்லை எடுத்துத் துண்டால் துடைத்து, மீன் முத்திரை தெரிந்ததும், "ரொம்ப சந்தோஷம்மா" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அந்தச் சந்தோஷம் நிஜமானது, அதுதான் கொடுமை.

அவர் வீட்டு வாசலில் மதிலை ஒட்டி, முத்திரை தெரிகிற மாதிரி கல் கல்லாக அடுக்கியிருக்கும். உட்காரக்கூடாது, கால் வைக்கக்கூடாது, மாட்டைக் கட்டக்கூடாது. பொங்கல் வந்தால் தெருவே அடுப்புக்கு மூன்று கல் தேடும், இவர் அன்றைக்கு விடியுமுன்பே கட்டிலை வாசலில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார். ஒரு வருஷம் கண் அசந்த நேரத்தில் ஒரு கல் போய்விட்டது. தெரு முழுக்கப் பானை பொங்கி "பொங்கலோ பொங்கல்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க, இவர் ஒவ்வொரு அடுப்பின் முன்னாலும் குனிந்து முத்திரை பார்த்துக்கொண்டே போனார். சின்னராசு வீட்டுப் பானையடியில் கண்டுபிடித்தார். பொங்கி, இறக்கி, படைத்து, கல் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து வாங்கி வந்தார். அவர்கள் கொடுத்த பொங்கலையும் சாப்பிட்டார்.

இதைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "ஒருத்தன் மனசுக்குப் புடிச்சத செஞ்சா ஊருக்கு இன்னாபா நஷ்டம்? அவனவனுக்கு ஒரு பிரியம். அத மதிக்கத் தெரியணும்." டீக்கடையில் இதை அவர் சொல்லும்போது எனக்கே கண் கலங்கும். அப்படிப்பட்டவர் மற்றவர்கள் பிரியத்தை எப்படி மதிப்பார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். மில் முதலாளி புறா வளர்த்தால், "பெரிய மனுஷன் பண்ற வேலையா இது, பீ அள்ளிக்கினு" என்பார். தபால்தலை சேர்க்கிற வாத்தியாரைப் பார்த்தால், "எச்சி தொட்டு ஒட்டுன காயிதம், அதுக்கு ஒரு ஆல்பம்" என்பார். வெளிநாட்டு ரேடியோ நிலையங்களுக்குக் கடிதம் எழுதிப் பதில் வரவழைக்கிற சின்னராசுவுக்கு மூளைக்கோளாறு என்றே முடிவு கட்டியிருந்தார். கல் என்றால் நிற்கும், காகிதம் நிற்குமா என்பது அவர் கட்சி.

எனக்கு இந்த மாதிரி பொழுதுபோக்கு எதுவும் கிடையாது. அவர் வீட்டுக்கு எதிரில் சைக்கிள் கடை வைத்திருப்பதால் அவர் வீட்டில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லக்கூடாது, அக்கறை என்று சொல்லவேண்டும்.

அவருக்கு ஒரே பெண், செவ்வந்தி. கள்ளக்குறிச்சியில் ஒரு தையல் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அதிர்ந்து பேசமாட்டாள். எதிர்க் கடைக்காரனை நேராகப் பார்த்துச் சிரிக்கிற பெண்கள் கம்மி, அவள் சிரிப்பாள். அவளுக்கு இரண்டு இடம் வந்து, பேசி, கடைசியில் கலைந்துபோனது. செவ்வாய் சரியில்லை என்று அரங்கநாதன் ஜோசியரை மாற்றினார்.

மூன்றாவது இடம் ரிஷிவந்தியம். பையன் பெயர் பூமாலை, மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். பையனுக்கு அப்பா இல்லை, தாய்மாமன் சடையன்தான் எல்லாம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் சத்தமில்லாமல் ஊருக்குள் வந்து டீக்கடையில் விசாரிப்பது வழக்கம். சொந்தக்காரன் சொல்வதை நம்பமாட்டார்கள், டீ ஆற்றுகிறவன் சொன்னால் நம்புவார்கள். சடையனும் வந்தார். டீக்கடை பழனி அப்போதுதான் பாலை இறக்கிக்கொண்டிருந்தான். நானும் இன்னும் நாலைந்து பேரும் பெஞ்சில் இருந்தோம்.

"மேஸ்திரி வாசல்ல அத்தினி செங்கல்லு அடுக்கி வெச்சிருக்காரே, இன்னாத்துக்குங்க?" என்று கேட்டார் சடையன்.

பழனி ஒரு நொடி என்னைப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்தேன். அந்தப் பெண் முகம் எல்லோர் மனதிலும் வந்திருக்கவேண்டும்.

"வூடு கட்டப் போறாருங்க" என்றான் பழனி.

"கொஞ்சங் கொஞ்சமா சேக்கறாரு. சிக்கனமான மனுஷன்" என்றேன் நான். பெஞ்சே தலையாட்டியது. தெரு மொத்தமும் சேர்ந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். சடையன் முகம் மலர்ந்தது. அப்போதுதான் அவர் தொழில் கொத்தனார் வேலை என்று தெரிந்தது. எனக்கு டீ கசந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரங்கநாதன் தன் பங்குக்கு ரிஷிவந்தியம் போய் விசாரித்தார். போனவர் மத்தியானமே திரும்பி வந்து சைக்கிளை மதிலில் சாய்க்காமல் கீழே தள்ளினார். நான் ஓடினேன். அக்கறைதான்.

"இன்னாங்க, குடிக்கிறாரா பையன்?" என்று அவர் மனைவி அம்சவள்ளி பயந்து கேட்டாள்.

"குடிச்சாக்கூட பரவால்லியேடி. குடிக்கிறான்னா நாலு பேரு கேட்டா சொல்லிக்கலாம். இவன் கூடை பின்றானாம்!"

"இன்னா கூடை?"

"பிளாஸ்டிக் ஒயர் கூடை! காய்கறி வாங்க பொம்பளைங்க எடுத்துகினு போவாங்களே, அது. மாட்டுக்கு ஊசி போட்டுட்டு, சாயந்தரம் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துகினு சிவன்கண் முடிச்சு போடறானாம். ஒரு ஆம்பள! அந்த ஊரு டீக்கடக்காரன் இத பெருமையா வேற சொல்றான். எனக்கு வந்த கோவத்துல டீயக்கூட முழுசா குடிக்கல. இந்த எடம் வாணாம்."

உள்ளே தைத்துக்கொண்டிருந்த மெஷின் சத்தம் நின்றது. செவ்வந்தி வாசற்படிக்கு வந்தாள். பூமாலை ஒரு முறை தையல் பள்ளிக்கு யாரோ சொந்தக்காரப் பெண்ணைச் சேர்க்க வந்தபோது அவனைப் பார்த்திருக்கிறாளாம். இந்த இடம் பிடித்திருக்கிறது என்று முன்பே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது அம்மாவையே பார்த்தாள்.

அம்சவள்ளி இடுப்பிலிருந்த முந்தானையை அவிழ்த்து மறுபடி செருகினாள். அவள் சண்டைக்குத் தயாராகிறாள் என்று தெருவுக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

"மொத ரெண்டு எடமும் ஏன் போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"செவ்வாய்."

"செவ்வாயும் இல்ல புதனும் இல்ல. பொண்ணு தங்கம், ஆனா அப்பாவுக்குக் கொஞ்சம் மண்ட ஒரு மாதிரி, இடிஞ்ச வூட்டுக்குப் போய் கல்லு பொறுக்கறாருன்னு இதே டீக்கடையிலதான் சொன்னாங்க. ரெண்டு வாட்டியும். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு நானும் அவளும்தான் செவ்வாய் மேல போட்டோம். இந்தத் தபா வூடு கட்டப் போறாருன்னு ஊரே பொய் சொல்லி நிறுத்தி வெச்சிருக்குது. நீங்க போய் கூடையப் பாத்து ஒதறிட்டு வர்றீங்க."

அரங்கநாதன் என்னைப் பார்த்தார். அதெல்லாம் இல்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். நான் சைக்கிள் செயினைப் பார்த்தேன். அவர் மெதுவாகக் குனிந்து கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, அதன் சீட்டை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அந்தப் பாவம் எனக்கு அதிக நேரம் நிற்கவில்லை, ஏனென்றால் அவர் நிமிர்ந்து சொன்னது இது:

"சரி, வரட்டும். ஆனா கல்யாணத்துக்கு அப்பறம் கூடைய வுட்டுடணும். அதுக்கு ஒத்துக்கினா பாக்கலாம்."

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து வந்தார்கள். பூமாலை, அவன் அம்மா ராஜாம்பாள், மாமன் சடையன். பெண் வீட்டுப் பக்கம் நாலு பேர் இருக்கவேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். வந்தவர்களில் மூத்தவரான சடையன் வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு செங்கல் அடுக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒன்றை எடுத்தார், தட்டினார், இன்னொன்றோடு சேர்த்து வைத்தார். விரலால் அளந்தார். அவர் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது.

"ஏங்க, உங்கள எவனோ நல்லா ஏமாத்திட்டாங்க. ஒண்ணு நீட்டு, ஒண்ணு குட்ட. ஒண்ணு வெந்தது, ஒண்ணு வேகாதது. இத வெச்சு ஒரு செவுரு ஏத்துனா நேரா நிக்குமா? எந்த ஊரு சூளையில வாங்குனீங்க?"

டீக்கடைப் பொய் அரங்கநாதனுக்குத் தெரியும். ஆமாம் ஏமாந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அம்சவள்ளி கதவிடுக்கிலிருந்து கையால் கும்பிடுகூடப் போட்டாள். ஆனால் தன் கல்லைப் பார்த்து வேகாதது என்று ஒருத்தன் சொல்லிவிட்டானே.

"யாரு ஏமாந்தது? ஒவ்வொண்ணும் ஒரு சூளை, ஒவ்வொண்ணும் தேடி எடுத்தது. செவுரு ஏத்தறதுக்கு இல்லீங்க இது. பாக்கறதுக்கு!"

"பாக்கறதுக்கா?" என்றார் சடையன். அவர் வாழ்க்கையில் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததே இல்லை.

நான் நம்பிக்கையோடு பூமாலையைப் பார்த்தேன். ஊர் சிரிக்கச் சிரிக்கக் கூடை பின்னுகிறவன். இன்னொருத்தனின் பிரியம் அவனுக்காவது புரியாதா? அவன் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் புரட்டினான், மீன் முத்திரை. கவனமாகத் திருப்பி வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான்:

"கோச்சுக்காதீங்க. கூடைன்னா ஒரு சாமான் வாங்கலாம், நாலு பேருக்குக் குடுக்கலாம். செங்கல்ல கட்டாம சும்மா வெச்சிருந்தா இன்னாங்க பிரயோசனம்? கொஞ்சம் விசித்திரமா இல்ல?"

விசித்திரம்! அரங்கநாதன் காதுவரை சிவந்தார். "ஆம்பள உக்காந்துகினு முடிச்சு போடறது மட்டும் பிரயோசனமா தம்பி?" என்றார். "எங்க ஊர்ல மாட்டாஸ்பத்திரிக்கு வர்றவங்க அத்தினி பேரும் என் கூடையதான் வெச்சிருக்காங்க" என்றான் அவன். "எங்க பக்கத்துல இடிஞ்ச ஒவ்வொரு வூட்டுக் கல்லும் எங்கிட்ட இருக்குது" என்றார் இவர். கூடையை விட்டால் பேசலாம் என்று இவரும், மாமனார் வீட்டு வாசலில் இது கிடந்தால் தனக்கு அவமானம் என்று அவனும், பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகவே சொல்லிக்கொண்டார்கள். தன்னைப் போல ஒருத்தனைக் கண்டால் மனுஷனுக்கு ஆறுதல் வரும் என்று எவன் சொன்னானோ, அவனுக்குப் பொழுதுபோக்கு எதுவும் இருந்திருக்காது.

ராஜாம்பாள்தான் சமாளித்தாள். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். பொண்ணக் கூப்புடுங்க." எல்லோரும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம். செவ்வந்தி வந்து கும்பிட்டு நின்றாள். ஊதா நிறச் சேலை, அவளே ஓரம் அடித்தது. பூமாலையின் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டதை நான் பார்த்தேன். பையன் பேச்சை மாற்ற நினைத்து அவளிடமே கேட்டான்:

"உங்களுக்கு இன்னா புடிக்கும்? வேலை இல்லாத நேரத்துல இன்னா செய்வீங்க?"

அவள் வாய் திறக்குமுன் அரங்கநாதன் முந்திக்கொண்டார். "அவளுக்கு அந்த மாதிரி ஒண்ணும் கெடையாது தம்பி. நல்ல பொண்ணு."

"இருக்குதுப்பா" என்றாள் செவ்வந்தி.

அரங்கநாதன் திரும்பி அம்சவள்ளியைப் பார்த்தார்.

"மாசத்துக்கு ஒரு வாட்டி, பள்ளி லீவு அன்னிக்கி, கள்ளக்குறிச்சில வெள்ளிமலை பஸ் ஏறிடுவேன். அம்மாவுக்குத் தெரியும்."

"வேண்டுதலாம்மா?" என்று ராஜாம்பாள் நல்லெண்ணத்தோடு கேட்டாள்.

"இல்லீங்க."

"அங்க யார்னா சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்லீங்க. ஜன்னலோரம் உக்காந்துகினு போவேன். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி ஏறும்போது காத்து மாறும். மேல எறங்கி ஒரு டீ குடிப்பேன். மலைசனங்க பலாப்பழத்த எறக்கி வெச்சுகினு பஸ்ஸுக்கு நிப்பாங்க, அவங்கக்கூட கொஞ்ச நேரம் பேசிக்கினு இருப்பேன். திரும்பற பஸ்ல வந்துடுவேன்."

"தனியாவா?" என்றார் அரங்கநாதன்.

"தனியாவா?" என்றான் பூமாலை.

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. வாசலில் ஒருத்தரை ஒருத்தர் கடித்துத் தின்னப் பார்த்தவர்கள் இப்போது தோளோடு தோள் சேர்ந்துகொண்டார்கள்.

"மலைப் பாதையில பிரேக் புடிக்கலன்னா?" என்றான் அவன்.

"தெரிஞ்சவன் எவனாவது பாத்தா?" என்றார் இவர்.

"போய்ட்டு வந்தா கைல இன்னாங்க மிஞ்சும்?"

"அதான! அத்தினி தூரம் போனியே, ஒரு கல்லாவது எடுத்துகினு வந்தியா?"

"மாமா சொல்றது சரிங்க" என்றான் பூமாலை. அவன் அரங்கநாதனை முதன்முதலாக மாமா என்று கூப்பிட்டது அப்போதுதான். எனக்கு எழுந்து இரண்டு பேரையும் ஆளுக்கு ஒரு அறை விடலாமா என்றிருந்தது. விருந்தாளி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

செவ்வந்தியின் கை சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. இதுவும் கலைந்தால் நாலாவது இடம் என்று ஒன்று வருமா என்பது யாருக்கும் தெரியாது, அவளுக்கு இந்தப் பையனைப் பிடித்துவேறு இருந்தது. அதனால் பயந்துதான் பேசினாள். ஆனால் பேசினாள்.

"இத்தினி வருஷத்துல இந்தக் கல்லு எதுக்குன்னு உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கனாப்பா? உங்களையும் கேக்கலீங்க. கூடை பின்றாருன்னு சொன்னாங்க, பின்னட்டும்னு சும்மா இருந்தேன். எங்கப்பா சொன்னாருன்னு நான் சிரிக்கல. கல்யாணம் ஆனாலும் நான் மலைக்குப் போவேன். மறைச்சு வெச்சுகினு போக முடியாது, அதான் இப்பவே சொல்லிட்டேன்."

சடையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "நல்லதுங்க. நாங்க யோசிச்சு சொல்லி அனுப்பறோம்." சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள், ஆகவே அம்சவள்ளி காலையிலிருந்து சமைத்ததெல்லாம் எங்கள் தெருவுக்குத்தான் என்று ஆகிவிட்டது. ராஜாம்பாளும் எழுந்தாள்.

அரங்கநாதனுக்குப் பதறிவிட்டது. கும்பிட்ட கையோடு பூமாலையின் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, சின்னப் பொண்ணு, மனசுல வெச்சுக்காதீங்க. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாய்டும்."

பூமாலை எழுந்திருக்கவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கம்மாவும் அதான் சொல்லிக்கினு இருக்காங்க, என்னப் பத்தி" என்றான். பிறகு கிண்டலே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி கேட்டான்: "உங்களுக்கு சரியாச்சுங்களா மாமா?"

அரங்கநாதன் உதவிக்கு மனைவியைத் தேடினார். அம்சவள்ளி அடுக்களை வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லையே என்று அப்போதாவது அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும், ஏனென்றால் மனிதர் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

பூமாலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"மாமா, உக்காருங்க" என்று சடையனிடம் சொன்னான். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "அத்தே, பசிக்குது. எல போடுங்க" என்றான்.